மனித நடையில் வயது, பால் வேறுபாடுகள்

முகம் தெரியாத தொலைவில் வருபவரின் நடையைக் கொண்டே அவருடைய வயதையும் பாலையும் ஊகித்துவிட முடியும் என்பது பொது அனுபவம். அந்த ஊகம் குருட்டு ஊகத்தைவிடக் கணிசமாகச் சரியாக இருப்பது ஆய்வகங்களிலும் உறுதிப்பட்டிருக்கிறது. ஆனால் அவ்வாறு கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு வயதுக்கும் பாலுக்கும் உரியது, எவ்வளவு பங்கு வெறும் உடலளவுக்கும் வேகத்துக்கும் உரியது என்ற கேள்வி அத்தனை எளிதில் தீர்வதில்லை. நீண்ட கால் உடையவர் நீண்ட காலடி வைப்பார். இருபது வயது இளைஞரும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால் முதியவர் நடையின் பல கூறுகளைத் தம்மையறியாமலே காட்டுவார். இவ்விரண்டையும் கழித்துவிட்டால் எஞ்சுவது எது என்பதே நடையாய்வின் உண்மையான சிக்கல். எஞ்சுவது பொதுவாக நம்பப்படுவதைவிடக் குறைவு என்பதையும், அது குழந்தைக்கு ஓரிடத்திலும் முதியவருக்கு வேறோரிடத்திலும் இருக்கிறது என்பதையும் இதுவரை கிடைத்துள்ள அளவீடுகள் காட்டுகின்றன.

இந்த அளவீடுகளின் வரலாற்றிலேயே ஒரு சாய்வு உண்டு. ஜெர்மனியில் வில்ஹெல்ம் வெபர், எடுவார்ட் வெபர் என்னும் சகோதரர்கள் 1836இல் நடக்கும் காலை ஊசலாகக் கருதி எழுதிய நூலோடு அறிவியல் முறையிலான நடையாய்வு தொடங்குகிறது எனலாம். பாரிசில் எத்தியன்-ஜூல் மாரே 1880களில் தொடர் நிழற்படங்களால் நடையைப் பதிவு செய்தபோது அவர் கருவிக்கு முன் நடந்தவர்களில் பலர் படைவீரர்கள். லைப்சிக்கில் வில்ஹெல்ம் பிரவுனேயும் ஓட்டோ ஃபிஷரும் 1890களில் நடையை முப்பரிமாணத்தில் கணக்கிட்டபோதும் நடந்தவர் ஓர் ஆண்தான், ஒரு முறை படைவீரருக்குரிய முழுச் சுமையோடு. ஆக, ‘மனித நடை’ என்று பாடநூல்களில் இடம்பெற்றது நெடுங்காலம் இளம் ஆணின் நடையாகவே இருந்தது. அமெரிக்காவின் மில்வாக்கியில் பணியாற்றிய மேரி பாட்ரிசியா முர்ரே இருட்டறையில் உடலின் மீது ஒளிதெறிக்கும் பட்டைகளை ஒட்டி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில் ஒரே படத்தில் பல நிலைகளைப் பதித்து, 1964இல் 20 முதல் 65 வயது வரையிலான 60 ஆண்களின் நடையை வெளியிட்டார். அவர்களை வயதுவாரியாக மட்டுமன்றிக் குள்ளர், நடுத்தரர், நெட்டையர் என உயரவாரியாகவும் அவர் பிரித்துக்கொண்டது முன்யோசனை மிக்க செயல். மூத்த ஆண்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1969இலும், பெண்களைப் பற்றியது 1970இலும் வெளிவந்தன. நடைக்கான முதல் முறையான அளவைகள் ஆண்களுக்கு வந்து ஆறு ஆண்டு கழித்தே பெண்களுக்கு வந்தன.

மேலே செல்லுமுன் சில கலைச்சொற்களை விளக்கிக்கொள்வது நலம். ஒரு பாதம் தரையைத் தொடும் கணத்திலிருந்து அதே பாதம் மீண்டும் தரையைத் தொடும் கணம் வரையிலான நிகழ்வு ‘நடைச் சுழற்சி’ எனப்படும். அச்சுழற்சியில் ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் அப்பாதம் தரையில் ஊன்றியிருக்கும், 40 விழுக்காடு நேரம் காற்றில் முன்னோக்கி வீசப்படும். முதலாவது ஊன்றல் கட்டம், இரண்டாவது வீச்சுக் கட்டம். இரு பாதங்களும் தரையில் இருக்கும் இரட்டை ஊன்றல் ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை, முறைக்குப் பத்து விழுக்காடு அளவில் நிகழும். ஓட்டத்தில் இது அறவே இராது என்பதே நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வரையறை வேறுபாடு. ஒரு நிமிடத்தில் வைக்கப்படும் காலடிகளின் எண்ணிக்கையைக் காலடி வீதம் என்பர். காலடி நீளத்தை அதனால் பெருக்கினால் வேகம் கிடைக்கும். ஆகவே இருவர் வேறுபட்ட வேகத்தில் நடந்தால் அந்த வேறுபாடு நீளத்திலா வீதத்திலா என்று கேட்பதே முதல் வேலை.

குழந்தையின் நடையில் பால் வேறுபாடு ஏதும் இல்லை என்றே கூறலாம். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்தி 2006இல் வெளியிட்ட வளர்ச்சி ஆய்வின்படி, துணையின்றி நடக்கத் தொடங்கும் பருவம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்து கிடக்கிறது. அதில் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பிள்ளைத்தமிழ் நூல்களில் குழந்தையைத் தளர்நடையிட்டு வருமாறு அழைக்கும் வருகைப் பருவம் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவாக வைக்கப்பட்டிருப்பதும், விளையாட்டுக்குரிய இறுதிப் பருவங்கள் மட்டுமே பால்வாரியாகப் பிரிவதும் இங்கே நினைக்கத்தக்கவை. நடை பழகும் குழந்தை எவ்வளவு உழைக்கிறது என்பதை நியூயார்க்கில் காரன் அடால்ஃபும் அவர் குழுவினரும் 2012இல் எண்ணிக் காட்டினர்: 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தாமாக விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 காலடிகள் வைத்து 17 முறை விழுகின்றன.

அக்குழந்தையின் நடை பெரியவரின் நடையிலிருந்து எவ்வாறு மாறுபடுகிறது என்பதை டேவிட் சதர்லண்டு 1980இல் சான் டியேகோவில் ஒன்று முதல் ஏழு வயது வரையிலான 186 குழந்தைகளிடம் விரிவாக அளந்தார். ஒரு வயதில் பாதங்கள் அகன்று விழுகின்றன, குதிகால் முதலில் தரையைத் தொடுவதற்குப் பதில் உள்ளங்கால் முழுதும் தட்டென்று பதிகிறது, கைகள் வீசப்படாமல் உயர்த்திப் பிடிக்கப்படுகின்றன. வேகம் வினாடிக்கு 0.64 மீட்டர், காலடி வீதம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 176. ஏழு வயதில் வேகம் 1.14 மீட்டராக உயர்ந்து, வீதம் 144 அளவுக்கு இறங்குகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் சுழற்சியின் 32 விழுக்காட்டிலிருந்து 38 விழுக்காடாகக் கூடுகிறது. மூட்டுகளின் அசைவு மூன்று வயதிலேயே பெரியவரின் ஒழுங்கை நெருங்கிவிடுகிறது என்பதும் அவர் கண்டது.

இந்த எண்களைப் படிப்பதற்குக் கப்பல் பொறியியலிலிருந்து வந்த ஒரு கருவி உதவுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் சிறிய மாதிரிக் கப்பலின் இயக்கத்திலிருந்து பெரிய கப்பலின் இயக்கத்தைக் கணிக்கப் பயன்படுத்திய விகிதத்தை, ஆர். மெக்நீல் அலெக்ஸாண்டர் விலங்கு நடைக்குப் பொருத்தினார். வேகத்தின் வர்க்கத்தை, ஈர்ப்பு முடுக்கத்தையும் கால் நீளத்தையும் பெருக்கிவரும் தொகையால் வகுத்தால் கிடைப்பது ஃப்ரூட் எண். இரு உடல்களுக்கு அவ்வெண் ஒன்றாக இருந்தால் அவை அளவில் வேறுபட்டாலும் இயக்கத்தில் ஒத்தவை. இதன்படி ஒத்த நடையில் வேகம் கால் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும், காலடி வீதம் அதே வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஏழு வயதுக் குழந்தையின் கால் பெரியவர் காலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதன் வர்க்கமூலம் 0.82. பெரியவரின் சராசரி வேகமான வினாடிக்கு 1.37 மீட்டரை அதனால் பெருக்கினால் 1.12 வருகிறது, அளந்து கண்டதோ 1.14. ஏழு வயதுக் குழந்தை, ஆக, அளவில் சுருங்கிய பெரியவராகவே நடக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்கு அதே கணக்கைப் போட்டால் வினாடிக்கு 0.8 மீட்டர் வரவேண்டிய இடத்தில் 0.64தான் வருகிறது. காலடி வீதம் கணக்குக்கு அருகிலேயே இருக்க, காலடியின் நீளம் மட்டும் குறைபடுகிறது. நீண்ட காலடி வைக்க வேண்டுமானால் மற்றொரு காலில் மட்டும் நெடுநேரம் நிற்க வேண்டும். அந்தச் சமநிலைதான் குழந்தைக்கு இன்னும் கைவரவில்லை. குழந்தை நடையின் உண்மையான முதிர்ச்சியின்மை அந்த ஒற்றைக்கால் நிலையில் அடங்கியிருக்கிறது, குறுகிய காலிலோ வேகமான காலடியிலோ அன்று.

ஆண் பெண் வேறுபாட்டுக்கு இதே கணக்கைப் பயன்படுத்தும்போது விளைவு அவ்வளவு தெளிவாக இல்லை. கலிபோர்னியாவின் ராஞ்சோ லோஸ் அமிகோஸ் மருத்துவமனையில் ஜாக்குலின் பெரி தொகுத்த அளவைகளில் ஆண்களின் வேகம் நிமிடத்துக்கு 86 மீட்டர், பெண்களுடையது 77. காலடி வீதம் ஆண்களுக்கு 111, பெண்களுக்கு 117. ஆண்களின் சராசரி உயரம் பெண்களுடையதைவிட ஏழெட்டு விழுக்காடு கூடுதல் எனக் கொண்டால் வேகத்தில் நான்கு விழுக்காடு வேறுபாடுதான் எதிர்பார்க்கத்தக்கது. ஆனால் அங்கே காணப்படுவதோ பன்னிரண்டுக்கு அருகில். காலடி வீதத்தில் உள்ள ஐந்து விழுக்காட்டு வேறுபாடு உயரக் கணக்கில் ஏறத்தாழ அடங்கிவிடுகிறது. மிச்சம் காலடி நீளத்தில் கிடக்கிறது. இதைக் கொண்டு பெண்களின் குறுங்காலடி உடலமைப்பில் ஊறியது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. ஆனால் ரிச்சர்ட் போஹனனும் ஆண்ட்ரூஸும் 2011இல் 41 ஆய்வுகளிலிருந்து 23,111 பேரின் அளவீடுகளைத் தொகுத்தபோது, இருபதுகளில் உள்ள ஆண்களின் இயல்பு வேகம் வினாடிக்கு 135.8 சென்டிமீட்டர், பெண்களுடையது 134.1 என்றே வந்தது. உயரத்தைக் கருதினால் அங்கே பெண்கள்தாம் ஒப்பளவில் விரைந்து நடப்பவர்கள். முப்பதுகளில் ஆண்கள் 143.3ஐயும் பெண்கள் 133.7ஐயும் எட்ட, இடைவெளி மீண்டும் விரிகிறது. இப்படி ஆய்வுக்கு ஆய்வும் பத்தாண்டுக்குப் பத்தாண்டும் நெகிழும் ஒரு வேறுபாட்டை உடற்கூற்றின் நிலையான விளைவு என்று கொள்வது கடினம்.

வேகத்தை விட்டு உடலசைவுக்கு வந்தால் சில வேறுபாடுகள் உறுதியாக நிற்கின்றன. சுவீடனின் உப்சாலாவில் குன்னர் யோஹான்சன் 1973இல் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி இருளில் நடக்கவிட்டபோது, பார்வையாளர்கள் கணநேரத்தில் அப்புள்ளிகளை மனித நடையாக உணர்ந்தனர். 1977இல் கோஸ்லோவ்ஸ்கியும் கட்டிங்கும் அதே முறையால், புள்ளிகளைக் கொண்டே நடப்பவரின் பாலையும் கூறமுடிகிறது என்று காட்டினர். பிற்காலத் தொகுப்பாய்வு ஒன்றின்படி இந்த ஊகம் மூன்றில் இரண்டு முறை சரியாக அமைகிறது. குருட்டு ஊகமே பாதி முறை சரியாகும் என்பதால், இது பெருமைப்பட அதிகமுமில்லை, புறக்கணிக்கக் குறைவுமில்லை. பார்ப்பவர் கண் எதைப் பற்றிக்கொள்கிறது என்று தேடியவர்கள், ஆண் நடையில் தோள்கள் பக்கவாட்டில் கூடுதலாக அசைவதையும் பெண் நடையில் இடுப்பு கூடுதலாக அசைவதையும் சுட்டினர். கேசி கெரிகனின் குழு 2002இல் இதை அளவுக்கு உட்படுத்தியது: பெண்களின் இடுப்பெலும்பு வளையம் பக்கவாட்டில் கூடுதலாகச் சாய்கிறது, உடலின் ஈர்ப்பு மையம் மேலும் கீழும் ஏறி இறங்குவதோ குறைவாக இருக்கிறது. இடுப்பின் சாய்வு உடலின் ஏற்ற இறக்கத்தை ஓரளவு விழுங்கிக்கொள்கிறது என்று இதற்கு விளக்கம் தருவர்.

அகன்ற இடுப்பு பெண்களை நடைத்திறத்தில் பின்தள்ளுகிறது என்ற கருத்துக்கு நீண்ட ஆயுள் வாய்த்திருந்தது. நிமிர்ந்து நடப்பதற்கு ஒடுங்கிய இடுப்பும், பெரிய தலையுடைய சிசுவை ஈனுவதற்கு அகன்ற இடுப்பும் வேண்டியிருக்க, பரிணாமம் இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்துகொண்டது என்று ஷெர்வுட் வாஷ்பர்ன் 1960இல் எழுதியதன் தொடர்ச்சி அது. அன்னா வாரனரும் டேனியல் லீபர்மன் உள்ளிட்ட அவருடைய கூட்டாய்வாளர்களும் 2015இல் ஆண்களையும் பெண்களையும் நடக்கவும் ஓடவும் வைத்து ஆக்சிஜன் செலவை அளந்தபோது, இடுப்பின் அகலம் ஆற்றல் செலவைக் கூட்டவில்லை என்று தெரிந்தது. இடுப்பசைவு வேறுபடுவது உண்மை. அதனால் பெண்ணுக்கு இழப்பு நேர்கிறது என்பதற்குத்தான் சான்று இல்லை.

எஞ்சிய வேறுபாட்டிலும் ஒரு பகுதி கற்றுக்கொள்ளப்பட்டது. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மௌஸ் 1934இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், அமெரிக்கத் திரைப்படங்களின் வழியே அந்நாட்டுப் பெண்களின் நடை பாரிசுக்கு வந்து சேர்ந்ததையும், நியூசிலாந்தின் மாவோரித் தாய்மார் தம் பெண்களுக்கு இடுப்பை அசைத்து நடக்கும் ஒரு நடையைப் பயிற்றியதையும் எடுத்துக்காட்டினார். பெண்ணுக்கு அன்னமும் ஆணுக்கு ஏறும் உவமையாக வகுக்கப்பட்ட தமிழ்ச் செய்யுள் மரபும் காட்சியை வருணிப்பதோடு நிற்காமல், யார் எப்படி நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் சொல்லிவைக்கிறது. கீழ்ப்பகுதி ஒடுங்கிய உடை காலடியின் நீளத்தைக் கட்டுப்படுத்தும். உயர்ந்த குதிகாலணி கணுக்காலின் தள்ளுதிறனைக் குறைக்கும் என்பதால்தான் முர்ரே பெண்களைத் தாழ்ந்த குதி, உயர்ந்த குதி என இருவகைக் காலணிகளிலும் நடக்கவிட்டுப் பார்த்தார். வேலையும் நடையை வடிக்கிறது: கென்யாவின் லுவோ, கிக்குயு இனப் பெண்கள் தம் உடல் எடையில் 20 விழுக்காடு வரை தலையில் சுமந்தும் கூடுதல் ஆற்றல் செலவின்றி நடந்ததை 1986இல் வெளியான ஆய்வு காட்டியது, ஊசலைப் போல நிலையாற்றலையும் இயக்க ஆற்றலையும் மாற்றிக்கொள்வதில் அவர்கள் பெற்ற தேர்ச்சியே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. உடன் நடப்பவர் யார் என்பதுகூட எண்களைப் புரட்டிவிடும். சியாட்டிலில் 2013இல் வெளியான ஆய்வில், காதலியுடன் நடந்த ஆண்கள் தம் இயல்பு வேகத்தை ஏறத்தாழ 7 விழுக்காடு குறைத்துக்கொண்டனர். ஆண் நண்பருடன் நடக்கும்போது அத்தகைய விட்டுக்கொடுத்தல் இல்லை.

முதுமைக்கு வரும்போது இவ்வாறு கரைந்துபோகாத வேறுபாடு ஒன்று கிடைக்கிறது. நடைவேகம் வயதோடு சீராகச் சரிவதில்லை. அறுபதை ஒட்டிய வயது வரை பத்தாண்டுக்கு ஓரிரு விழுக்காடே குறைந்து, அதன்பின் இருபாலாருக்கும் சரிவு செங்குத்தாகிறது. போஹனன் தொகுப்பில் நாற்பதுகளில் உள்ள ஆண் வினாடிக்கு 143.4 சென்டிமீட்டரும், எழுபதுகளில் உள்ளவர் 126.2 சென்டிமீட்டரும் நடக்க, எண்பதைத் தாண்டியவரின் வேகம் 96.8க்கு விழுகிறது, பெண்களில் அதே மூன்று நிலைகள் 139.0, 113.2, 94.3. காலடி வீதம் பெரிதும் காக்கப்பட்டு, காலடி நீளமே சுருங்குகிறது. இரட்டை ஊன்றல் நேரம் கூடுகிறது. குழந்தையிடமும் நீளமே குறைபட்டது என்பதால் முதுமையை இரண்டாம் குழந்தைப் பருவம் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் காரணம் வேறு.

காரணத்தைத் தேடிய ஆய்வுகளில் மிகத் தெளிவானவை, இளையவரையும் முதியவரையும் ஒரே வேகத்தில் நடக்கவிட்டு ஒப்பிட்டவை. கனடாவின் வாட்டர்லூவில் டேவிட் விண்டர் 1990இல், உடல்நலம் மிக்க முதியவர்களிடமும் ஊன்றல் கட்டத்தின் இறுதியில் முன்பாதத்தால் தரையை உந்தித் தள்ளும் ஆற்றல் குறைந்திருப்பதைக் கண்டார். இந்த உந்தலைத் தருவது கெண்டைக்கால் தசை. நடைக்கு வேண்டிய முன்னோக்கிய உந்துதலில் பெரும்பங்கு அதனுடையது. பால் டெவிட்டாவும் டிபோர் ஹோர்டோபாகியும் 2000இல் ஒரே வேகத்தில் நடந்த இருசாராரின் மூட்டுத் திருப்புவிசைகளைக் கணக்கிட்டபோது, முதியவர் கணுக்காலில் இழந்ததை இடுப்பு மூட்டை நீட்டும் தசைகளால் ஈடுசெய்வது தெரிந்தது. மொத்த உழைப்பு குறையவில்லை, அது காலின் கீழ்ப்பகுதியிலிருந்து மேற்பகுதிக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. வேகமும் காலடியும் ஒன்றாக இருக்கும்போதே உள்ளே வேலைப் பங்கீடு மாறிவிட்டது. முதியவரை வேகமாக நடக்கச் சொல்லி இளையவரோடு ஒப்பிட்ட கெரிகனின் 1998ஆம் ஆண்டு ஆய்வும், இடுப்பு மூட்டு பின்னோக்கி நீளும் அளவு முதியவரிடம் வேகம் கூடிய பின்னும் குறைவாகவே இருப்பதைக் காட்டியது. ஆகவே முதியவர் மெதுவாக நடப்பதால் அவர் நடை மாறுகிறது என்பது பாதி உண்மைதான்; உடலளவும் வேகமும் கழிக்கப்பட்ட பின்னும் இங்கே ஒரு மிச்சம் நிற்கிறது, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது.

தசை மட்டுமே பொறுப்பு என்றும் சொல்வதற்கில்லை. வீச்சுக் கட்டத்தின் நடுவில் கால்விரல் நுனிக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவே என்பதை விண்டர் அளந்திருக்கிறார். ஒவ்வொரு காலடியிலும் உடல் அவ்வளவு நெருக்கமாகத் தரையைத் தவிர்த்துச் செல்ல வேண்டியிருப்பதால், காலடிக்குக் காலடி நிகழும் சிறு ஒழுங்கின்மையும் இடறலாக முடியலாம். ஜெஃப்ரி ஹவுஸ்டார்ஃபின் ஆய்வுகள், முதியவர் விழுவாரா என்பதைச் சராசரி வேகத்தைவிடக் காலடி நேரத்தின் இந்த ஏற்றத்தாழ்வு நன்றாகக் காட்டிக்கொடுப்பதை எடுத்துரைத்தன. சுவீடனில் லிலிமோர் லுண்டின்-ஓல்சன் 1997இல் செய்த சோதனை அதைவிட எளியது. முதியோர் இல்லத்தில் உடன் நடந்தவாறே பேச்சுக் கொடுத்தபோது 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினர். அவர்களில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தனர். தானாக நிகழ்வதாகக் கருதப்படும் நடை, அவர்களுக்குக் கவனத்தைக் கேட்கும் வேலையாகிவிட்டிருந்தது.

இவ்வேறுபாடுகள் எண்ணாக மாறி நடைமுறைக்கு வரும் இடத்தில்தான் முற்பட்ட கேள்வி மீண்டும் கூர்மை பெறுகிறது. பிரிட்டனில் சாலைக் கடப்பு விளக்குகள் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரைக் கருதி அமைக்கப்பட்டவை. இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களில் ஆண்களில் 84 விழுக்காட்டினரும் பெண்களில் 94 விழுக்காட்டினரும் அந்த வேகத்தை எட்டவில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு கூறியது. மருத்துவத்தில் வேகம் இன்னும் கனமான பொருள் பெற்றுவிட்டது: ஸ்டெபனி ஸ்டூடென்ஸ்கியின் குழு 2011இல் 34,485 முதியவர்களைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து, வினாடிக்கு 0.1 மீட்டர் வேகம் கூடுந்தோறும் இறப்பு வாய்ப்பு குறைவதைக் காட்டியது. முதுமையில் தசை நலிவைக் கண்டறிவதற்கான ஆசியப் பணிக்குழு, 2014இல் வினாடிக்கு 0.8 மீட்டர் என வைத்திருந்த எல்லையை 2019இல் 1.0 மீட்டராக உயர்த்தியது. அதே பணிக்குழு 2019இல் கைப்பிடி வலிமைக்கு ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ என இரண்டு எல்லைகளை வகுத்தபோதும், நடைவேகத்துக்கு இருபாலாருக்கும் உயரம் பாராமல் ஒரே எல்லையையே வைத்தது. போஹனன் தொகுப்பில் உடல்நலமுடையோராகக் கருதப்பட்ட எண்பது வயதுக்கு மேற்பட்டோரின் சராசரியே, ஆணாயினும் பெண்ணாயினும், அந்த ஒரு மீட்டருக்குக் கீழே இருக்கிறது. குள்ளமான மூதாட்டி ஒருவர் அந்த எல்லைக்குக் கீழே நடந்தால் அது தசையின் நலிவா, கால் நீளத்தின் இயல்பான விளைவா என்பதைப் பிரித்தறிய வேகத்தோடு கால் நீளத்தையும் ஓர் அளவுநாடாவால் எடுத்துக்கொண்டால் போதும். நடைவேகத்தை அளக்கும் மருத்துவமனைகளில் வழக்கமாக எடுக்கப்படாத அளவு அது.